பாத்திரக்கடை அக்காவும் ரெண்டு லேசரும்

உத்தமபாளையத்தில் பள்ளிக்கூட வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் நான் வாங்கிய முதல் சாமான் ஒரு இட்லிக் கொப்பரை. பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்த அம்மாள் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, கொப்பரையை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அடி நல்ல கனம். தட்டு நாலும் சரியா உக்காரும். ஆனா இந்த மூடிக் குமிழ் இருக்குல்ல, மூணு மாசத்துல ஆடிரும். ஆடுச்சுன்னா இங்கன கொண்டாங்க, முடுக்கித் தாரேன். இப்பவே சொல்லிப்புட்டேன். அப்பறம் வந்து சொல்லலைன்னு சொல்லப்படாது."

நான் எதையும் கேட்கவே இல்லை. மூன்றாவது மாதம் குமிழ் ஆடியது.

அதற்குள் நான் அந்தக் கடையின் மாடியிலேயே குடிவந்திருந்தேன். கடமலைக்குண்டிலிருந்து தினமும் பஸ் மாறி வந்துபோக முடியவில்லை. வாடகை பேசும்போதும் அப்படித்தான். "தண்ணி நல்லா வரும், காத்து வரும். ஆனா சித்திரையில மேல இருக்க முடியாது. மொட்டை மாடிச் சூடு அப்படியே இறங்கும். யோசிச்சுச் சொல்லுங்க." யோசித்தேன். வீட்டின் குறையை வீட்டுக்காரரே சொல்லிவிட்ட பிறகு வேறு வீடு தேட மனசு வரவில்லை.

ஊரில் எல்லாருக்கும் அவர் பாத்திரக்கடை அக்கா. அவரைவிட வயதானவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் பெயரை நான் தெரிந்துகொண்டதே ரொம்ப நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்தபோதுதான். கணவர் ஆரம்பித்த கடை. அவர் காலமாகி நாற்பது நாள் கழிந்து, இத்தா என்கிற நாலு மாதம் பத்து நாள் துக்கம் முடிகிறவரை கடையை அக்காவின் தம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். இத்தா முடிந்த மறுநாள் அக்கா கல்லாவில் வந்து உட்கார்ந்தார். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. ஒரே மகளைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். ஒரே தம்பி போடியில் ஏலக்காய் வியாபாரம்.

விற்கும்போது குறை சொல்கிறவர், வாங்கும்போது குறை கேட்பார். கம்பெனி ஆட்கள் புதுச் சரக்குக் கொண்டுவந்து பரப்பி வைத்துப் பேசி முடிக்கிறவரை பொறுமையாக இருப்பார். கடைசியில் ஒரே கேள்வி.

"சரி தம்பி. இதுல என்ன குறை?"

ஒருமுறை டை கட்டிய ஒருவர், "குறையே இல்லைங்கம்மா" என்றார்.

"அப்ப உங்களுக்கு உங்க சரக்கைத் தெரியல. தெரிஞ்ச ஆளை அனுப்பச் சொல்லுங்க."

அந்த ஆள் மாடிப்படி பக்கம் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களையும் அவர் விடவில்லை. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று அக்காவையும் உட்காரவைத்திருந்தோம். காப்பி குடித்து, சம்பளம் விசாரித்து, எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது அக்கா மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, உங்ககிட்ட என்ன குறை?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். என் அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் அசையாமல் உட்கார்ந்து கொஞ்சம் யோசித்தார். "கோவம் வந்தா ரெண்டு நாள் பேசமாட்டேங்க. மூணாவது நாள் நானே வந்துருவேன்" என்றார்.

அவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். சொன்னது சரிதான். இரண்டு நாள். ஒருநாள் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை.

இதெல்லாம் சொல்லிச் சிரிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் குணத்தால் புண்பட்டவர்களும் உண்டு. பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாண வீடு. சீர்ப் பாத்திரங்களை வேறு ஊரில் வாங்கி அடுக்கியிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா ஒரு தவலையைத் தூக்கிப் பார்த்து, "அடி தகடு ரொம்ப மெல்லிசு, ஏமாத்திட்டாகளே" என்றார். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். அங்கே பேச்சு தடித்து, பெண்ணின் தாய் அழுது, கல்யாணம் நடந்தாலும் அந்த வீடு அக்காவோடு பிறகு பேசவே இல்லை. "அன்னைக்கு நான் வாயை மூடியிருக்கணும் டீச்சர்" என்று அவரே ஒருநாள் சொன்னார்.

எல்லாருடைய குறையையும் வெளியே எடுத்துவைத்தவர் தன்னுடையதை மட்டும் மறைத்து வைத்திருந்தார். அது எனக்குத் தெரியவந்தது ஒரு பங்குனி மத்தியானத்தில்.

சாவி கொடுக்கக் கீழே இறங்கினேன். கடையில் ஆள் இல்லை. அக்கா கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு அண்டாமேல் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"வாயு."

அவருடைய இன்னொரு கையில் ஒரு சின்னப் புட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். நெஞ்சுவலி வரும்போது என் சித்தப்பா அப்படி வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வாயுவுக்கு யாரும் அந்த மாத்திரை சாப்பிடுவதில்லை.

ஐந்து நிமிஷம் கழித்து அவரே பேசினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் பைபாஸ் செய்தது ஊருக்குத் தெரியும். அது நன்றாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். இரண்டு வருஷமாக வலி திரும்ப வந்திருந்தது. பரணிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்தால் வலி. சாப்பிட்டவுடன் பத்தடி நடந்தால் வலி. பச்சைத் தண்ணீர் தலையில் பட்டால் வலி. தேனியில் இருந்த இருதய டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, பெரிய குழாய்கள் பரவாயில்லை, நுனியில் இருக்கிற சின்னக் குழாய்கள் எல்லாம் சர்க்கரையால் நூல் மாதிரி ஆகிவிட்டன, இனி ஸ்டென்ட் வைக்கவும் இடமில்லை, மறுபடி பைபாஸ் செய்யவும் வழியில்லை என்று சொல்லியிருந்தார்.

"ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லலை?"

"சொன்னா தம்பி கடையப் பூட்டிருவான்."

அன்று சாயங்காலமே நான் தம்பிக்குப் போன் செய்துவிட்டேன். அக்கா என்னோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தம்பி போடியிலிருந்து ஓடிவந்தார். பெரிய உருவம், சட்டென்று கண் கலங்குகிற ஆள். தேனி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர், லேசர் என்று ஒன்று இருக்கிறது, ரத்தம் போய்ச் சேராத இருதயச் சதையில் துளை போடுவார்கள், சிலருக்கு வலி குறைகிறது, இரண்டு மூன்று இடங்களில்தான் செய்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள் என்றார். தம்பி இரண்டே நாளில் கேரளப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கே நெஞ்சைத் திறக்கவே வேண்டாம். தொடையில் ஊசி, அது வழியாக உள்ளே ஒரு வயர், இரண்டு நாளில் வீடு.

சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வேறு லேசர். அதற்கு விலாவைத் திறக்க வேண்டும்.

அக்கா படி ஏற முடியாததால் கீழிருந்து கூப்பிட்டார். "டீச்சர், நீங்க பிசிக்ஸ்தானே. லேசர்னா என்ன? ரெண்டு சரக்குக்கும் என்ன வித்தியாசம்?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் வருகிற அளவுதான். ரூபி லேசர், ஹீலியம் நியான் லேசர், படம் வரைந்து பாகம் குறி. அடுத்த நாள் தேனிக்குப் போய் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் பிரிண்ட் எடுத்தேன். பாதி புரியவில்லை. புரிந்தவரை எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் ஒரு ஆட்டு இருதயம் வாங்கிவந்து, அக்காவின் எவர்சில்வர் தட்டில் வைத்துக் கீறினேன்.

அக்கா இடதுபக்கச் சுவரைக் கட்டை விரலால் அழுத்தினார். "இம்புட்டு தடியா?"

"மனுசருக்கு இன்னும் தடி. இந்தச் சதைக்குள்ளதான் ரத்தம் போகாம இருக்கு. லேசர் வெளிச்சம் இதுல ஊசி கனத்துக்குத் துளை போடும். சதையில முக்கால்வாசி தண்ணிதானே, அந்தத் தண்ணியை ஆவியாக்கிட்டே போகும்."

"ரெண்டும் ஒரே வேலைதானா?"

"ஒரே வேலை, ரெண்டு விதம். சென்னையில இருக்கிறது கார்பன் டை ஆக்சைடு லேசர். சோடாவுல இருக்கே, அதே வாயு. அது ஒரே அடியில இந்தப் பக்கம் பட்டு அந்தப் பக்கம் போயிரும். இருதயம் ரத்தம் நிறைஞ்சு விரிஞ்சு நிக்கிற அந்த நொடி பாத்து மெஷினே அடிக்கும். கேரளாவுல இருக்கிறது ஹோல்மியம் லேசர். அது சின்னச் சின்ன அடியாப் பல தடவை அடிச்சுத்தான் உள்ள போகும். அக்கம்பக்கத்துச் சதைக்குக் கொஞ்சம் அதிகமாச் சேதம் ஆகும்னு எழுதியிருக்காக. மூணாவதா புறஊதா லேசர்னு ஒண்ணும் இருக்கு. சூடு ரொம்பக் கம்மி. ஆனா அதை மனுசருக்கு அதிகமாப் பண்ணலையாம்."

"அதை விடுங்க. கடைக்கு வராத சரக்கைப் பத்தி என்ன பேச்சு. ஒண்ணுக்கு விலாவைத் திறக்கணும், ஒண்ணுக்கு வேண்டாம். அது ஏன்?"

நல்ல கேள்வி. அதற்கு மட்டும் என்னிடம் சரியான பதில் இருந்தது. "கார்பன் டை ஆக்சைடு வெளிச்சம் கண்ணாடி இழைக்குள்ள போகாதுக்கா. கண்ணாடி அதை முழுங்கிரும். அதனால பீரோ மாதிரி ஒரு பெட்டி, அதுல இருந்து ஒரு கை நீளும். அந்தக் கைக்குள்ள முக்குக்கு முக்கு முகம் பாக்குற கண்ணாடி வெச்சு வெளிச்சத்தைத் திருப்பித் திருப்பிக் கொண்டுவரணும். நேரா இருதயத்துக்கு முன்னால வந்து நிக்கணும். ஹோல்மியம் வெளிச்சம் இழைக்குள்ள போகும். இழை வளையும். அதனால கால் ரத்தக்குழாய் வழியாவே உள்ள விட்டுரலாம்."

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டதை நான் மறக்கவே மாட்டேன்.

"கால் வழியாப் போனா நல்லா ஆகுதுன்னு அந்த வெளிச்சத்தை எடுத்தாகளா? இல்ல, அந்த வெளிச்சம் வயருக்குள்ள போகும்ங்கிறதால கால் வழியாப் போறாகளா?"

நான் பிரிண்ட் எடுத்த தாள்களில் அதற்குப் பதில் இல்லை. "டாக்டர்கிட்டதான் கேக்கணும்" என்றேன்.

"அந்தத் துளை அப்படியே இருக்குமா?"

"இல்லைக்கா. கொஞ்ச நாள்ல மூடிக்கிருமாம்."

"மூடிக்கிருமா? பெறகு எப்படி வலி கொறையுது? அடைச்ச பொத்தல் வழியாத் தண்ணி போகுதுங்கிறீகளே."

"சுத்தி புதுசா நுண்குழாய் முளைக்குதுன்னு சிலர் சொல்றாக. வலி சொல்ற நரம்பு கருகிருதுன்னு சிலர் சொல்றாக. யாருக்கும் முழுசாத் தெரியல."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த இருதயத்தை மிளகு போட்டு வறுத்துவிட்டார்.

குமுளி வழியாகக் காரில் கேரளா போனோம். நானும் லீவு போட்டிருந்தேன். டாக்டர் சின்ன வயசு, தன்மையான பிள்ளை. குமுளி வாடிக்கையாளர்களிடம் பேசிப் பழகிய மலையாளத்தில் அக்கா கேட்டார். "டாக்டரே, இதில் எந்தா குறை?"

"ஒண்ணும் பேடிக்கண்டா அம்மா. ரெண்டு நாளில் வீட்டில் போகாம்." பயப்படவே வேண்டாம் என்றார்.

"அது சரி. குறை என்ன?"

"பிரஸ்னம் ஒண்ணும் இல்லா. வெட்டு இல்லை, தையல் இல்லை."

"குறை?"

"அங்ஙனெ ஒண்ணும் இல்லா அம்மா" என்று அவர் சிரித்தார். வெளியே நோயாளிகள் வரிசையாகக் காத்திருந்தார்கள். தம்பி அங்கேயே தேதி குறித்துவிட்டார்.

திரும்பும்போது தம்பிக்கு ஒரே சந்தோஷம். வண்டியில் பாட்டுப் போட்டார். அக்கா குமுளி வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். மலை இறங்கத் தொடங்கியபோது, "மூணு தடவை கேட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "சென்னை ஆளையும் பாத்துருவோம்" என்றார்.

சென்னை டாக்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அரைக்கைச் சட்டை. படத்தை விளக்கில் மாட்டி நெடுநேரம் பார்த்தார். அக்கா கேள்வியைக் கேட்டதும் அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்றேன்மா. விலாவைத் திறக்கணும். ஏற்கெனவே ஒரு ஆபரேஷன் ஆன நெஞ்சு, சர்க்கரை வேற. மேசையிலயோ அடுத்த சில நாள்லயோ உயிருக்கே ஆபத்து வரலாம். அப்படி எங்ககிட்ட நடந்திருக்கு. வலி உடனே போகாது, மாசக்கணக்காகும். சிலருக்குப் போகவே போகாது. இதனால ஆயுசு கூடும்னு நான் சொல்லமாட்டேன். எல்லாத்துக்கும் மேல, வலி ஏன் குறையுதுன்னே எங்களுக்கு முழுசாத் தெரியாது."

தம்பி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். அக்கா மட்டும் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன்.

"கால் வழியாப் பண்றாகளே, அது?"

"அதுல துளை உள்பக்கம் இருந்து பாதி ஆழம்தான் போகும். உள்ள இருந்து எங்க அடிக்கிறோம்ங்கிறதும் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட முக்கியமானது ஒண்ணு. சிலருக்கு லேசர் அடிக்காமலே அடிச்ச மாதிரி எல்லாம் செஞ்சு பாத்திருக்காங்க. அவங்களுக்கும் அதே அளவுக்கு வலி குறைஞ்சிருக்கு."

"அப்ப நம்பிக்கையிலயே போகுதா?"

"போகலாம்."

"உங்களுதுலயும் அப்படித்தானோ என்னமோ."

தம்பி, "அக்கா!" என்று அதட்டினார். டாக்டர் கோபப்படவில்லை. "இருக்கலாம்மா. நெஞ்சைத் திறந்துட்டு ஒண்ணும் பண்ணாம மூடி யாரும் சோதிச்சுப் பாக்க முடியாது இல்லையா. ஆனா எங்ககிட்ட வந்தவங்க பலருக்கு வருஷக்கணக்கா வலி திரும்பலை. வெறும் நம்பிக்கை அவ்வளவு நாள் தாங்குமான்னு எனக்குச் சந்தேகம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

அக்கா தலையாட்டினார்.

"நான் என் பக்கத்தைச் சொல்லிட்டேன். இப்ப நான் கேக்கறேன்" என்றார் டாக்டர். "உங்ககிட்ட என்ன குறை?"

அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை. அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். வெற்றிலையில் புகையிலை வைத்துப் போடுவதைச் சொன்னார். அது எனக்கே தெரியாது. சர்க்கரை மாத்திரையை நினைத்தால் போடுவது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்றார்.

"இன்னொண்ணு இருக்கு. எனக்குப் பயம் டாக்டர். கடையில தனியா உக்காந்திருக்கையில அப்படியே போயிருவேனோன்னு பயம். வாங்க வந்த ஆளு என்னத்த நெனப்பாகன்னு பயம். ரெண்டு வருசமா."

தம்பி எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று லாட்ஜில் அக்காவுக்கும் தம்பிக்கும் பெரிய சண்டை. "சாகலாம்னு வாயாலயே சொல்ற டாக்டர்கிட்ட எந்தக் கிறுக்கனாவது கூடப் பொறந்தவளைக் கொடுப்பானா? அங்கன கேரளாவுல ஒரு வெட்டு இல்ல, ஒரு தையல் இல்ல. என்னால கையெழுத்துப் போட முடியாது."

"அந்தப் பிள்ளை சொல்லாததுனால ஆபத்து இல்லாமப் போயிருமாடா? இந்த ஆளு சொல்றாரு. என்ன நடக்கும்னு தெரிஞ்சு படுக்கலாம்."

"தெரிஞ்சு படுத்தா மட்டும்?"

"பயம் கொறையும்."

தம்பி என் பக்கம் திரும்பினார். அவர் குரல் தணிந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "டீச்சர், ஆட்டு இருதயத்தை அறுத்து நீங்கதான் பாடம் நடத்துனீக. அக்காவுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் டாக்டர்கிட்ட போகமாட்டேன். உங்ககிட்டதான் வருவேன்."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். தம்பி சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரு பாடம், சில பிரிண்ட் தாள்கள். அதை வைத்து ஒரு உயிரை எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் தம்பி கையெழுத்துப் போட்டார். பேனா தாளைக் கிழித்துவிட்டது. வேறு படிவம் வாங்கிவந்து நான் பூர்த்தி செய்தேன்.

ஆபரேஷன் அன்று காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். நானும் தம்பியும் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். கம்பத்திலிருந்து மகள் நிமிஷத்துக்கு ஒருமுறை போன் செய்தாள். நிறைமாதம் என்பதால் அவளால் வர முடியவில்லை. பத்து மணிக்குத் தம்பி தொழப் போனார். திரும்பி வந்து என் பக்கத்தில் ஒரு டீயை வைத்தார். பதினொன்று. பன்னிரண்டு. கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் எழுந்தோம். வேறு யார் யாரையோ கூப்பிட்டார்கள்.

ஒரு மணிக்குப் பிறகு டாக்டர் வந்தார். தலையில் அந்தப் பச்சைத் தொப்பி இருந்தது. "முடிஞ்சுது. இருபதுக்கு மேல துளை. இருதயத்தை நிறுத்தலை, துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொரு துளையையும் விரல் வெச்சு அழுத்தினோம், ரத்தம் நின்னுருச்சு. இந்த மூணு நாள் தாண்டட்டும்."

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. டாக்டர் இன்னொரு கையால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் பெண்கள் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். வெகுநேரம் கழுவினேன்.

மூன்று நாளும் தாண்டியது. ஆனால் வலி போகவில்லை. ஊருக்கு வந்து மூன்றாவது வாரம் வலித்தது. இரண்டாவது மாதமும் வலித்தது. விலாத் தையல் வேறு குத்தியது. மாசக்கணக்காகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போடியிலிருந்து வரும் தம்பி, அக்கா நெஞ்சில் கை வைத்தால் என்னைத்தான் பார்ப்பார். நான் கீழே இறங்குவதையே குறைத்துக்கொண்டேன். அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார். "சொல்லித்தானே வாங்குனேன் டீச்சர். குறை சொல்லி வித்த சரக்கை யாராச்சும் திருப்பிக் கொண்டுபோவாகளா?" என்றார். அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு வேலைநாள் சாயங்காலம் தம்பி வந்தார். கடைக்குள் வராமல் வாசலில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கைவேலையைப் போட்டுவிட்டு இறங்கினேன்.

"கேரளா டாக்டர் போன் பண்ணுனாரு" என்றார். "தேதி வெச்சும் வரலையே, அம்மா எப்படி இருக்காகன்னு கேட்டாரு. சென்னையில பண்ணிட்டோம்னேன். நல்லதுன்னாரு. அவுக ஆஸ்பத்திரியில கால் வழியாப் பண்றதை நிறுத்திட்டாகளாம். பலன் இருக்குன்னு சொல்ல ஆதாரம் பத்தலையாம். அன்னைக்கு அம்மா மூணு தடவை கேட்டப்ப அவரு ஒழுங்கா பதில் சொல்லலைன்னு அக்காகிட்ட சொல்லச் சொன்னாரு."

அக்கா கல்லாவிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைடா. நோயாளி கைவிட்டுப் போன பெறகும் தானாக் கூப்பிட்டுச் சொல்லுது பாரு."

தம்பி என்னைப் பார்த்தார். கையிலிருந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஆறாவது மாதம் சென்னையில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்த ஓட்டம் கொஞ்சம் கூடியிருக்கிற மாதிரி தெரிகிறது, ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். வலி எப்படி என்று கேட்டார். அக்கா யோசித்தார். கடைசியாக எப்போது வலித்தது என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. அவர் என்னைக் கேட்டார். எனக்கும் ஞாபகம் வரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா பல வருஷம் இருந்தார். கடையை நடத்தினார். பேரன் பேத்தி எடுத்தார். புகையிலையை விட்டாரா என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. கடைசியில் அவரைக் கொண்டுபோனது ஒரு அடைமழைக் காலத்துக் காய்ச்சல். நெஞ்சு இல்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது அந்த ஸ்கேனுக்கு அடுத்த மாதம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாம் நாள், எல்லாருமாக வைகை அணைக்குப் போயிருந்தோம். அக்கா, மகள், அவள் கைக்குழந்தை, தம்பி, நான், என் வீட்டுக்காரர். பூங்காவில் உட்கார்ந்து கொண்டுவந்த பிரியாணியைச் சாப்பிட்டு முடித்தோம். குழந்தைக்கு மேலிருந்து தண்ணீரைக் காட்டவேண்டும் என்று மகள் சொன்னாள். அக்கா குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு படிகளில் ஏற ஆரம்பித்துவிட்டார். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, கையில் பாரத்தோடு, நேராக.

நாங்கள் யாரும் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றுவதற்குள் அவர் பாதிக்கு மேல் போயிருந்தார். நானும் பின்னாலேயே ஏறினேன். நடுவில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

திரும்பிப் பார்த்தால் தம்பி கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். ஒரு கை நெஞ்சில் இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

"அண்ணே! என்ன செய்யுது? வலிக்குதா?"

அவர் தலையை அசைத்தார். கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"ஒண்ணுமில்ல டீச்சர். கொஞ்ச நேரம் இங்கனயே இருக்கேன். அக்கா ஏறுறதைக் கீழ இருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியுது."

நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன்.